முதல் படியேறும் ஆண்டு

ஒரு கல்லூரிக்கு நூறு வயது நிறையும்போது முதலில் வெளியே வருவது பெயர்ப் பட்டியல்தான். சென்னை நுங்கம்பாக்கத்து லயோலா கல்லூரி 2025இல் நூறைத் தொட்டிருக்கிறது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குடியரசுத் தலைவராக இருந்த ஆர். வெங்கட்ராமனைச் சொல்வார்கள், சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தைச் சொல்வார்கள், சில திரை நடிகர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். எல்லாம் மெய். ஆனாலும் பெரியவர்கள் படித்த இடம் என்பதாலேயே ஓர் இடத்தின் குணம் தெரிந்துவிடாது. அந்தக் கல்லூரி யாருக்கு எதைக் கொடுத்தது, கொடுத்ததற்கு ஈடாக என்ன கேட்டது, யாரை வெகுகாலம் வாசலிலேயே நிற்க வைத்தது என்று விசாரித்தால்தான் அதன் முகம் பிடிபடும்.

கொடையைப் பற்றி யோசிக்க எங்கள் திருவாலங்காடு நல்ல இடம். 1905இல் இங்கே கிடைத்த முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேட்டில் 31 ஏடுகள். பக்கத்துப் பழையனூரை ஆலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. அந்தச் செய்திக்கு முன்னால் சோழர் குலத்தின் பெருமை நீளமாகப் பாடப்படுகிறது. அரசர் கொடை அப்படித்தான். கொடுத்தவர் பெயர் கொடையை விட உயரமாக நிற்கும்.

இதே ஊரில் இன்னொரு கொடையும் உண்டு. காரைக்காலில் வணிகர் வீட்டில் பிறந்த புனிதவதி, இளமையையும் அழகையும் உதறிப் பேயுரு கேட்டு வாங்கிக்கொண்டு, கடைசியில் வந்து சேர்ந்த இடம் இந்த ஆலங்காடு. காரைக்கால் அம்மையாரான அவர் தலையால் நடந்த மண் என்று இதில் கால் வைக்கத் தயங்கிச் சம்பந்தர் ஊருக்கு வெளியே தங்கினார் என்பது மரபு. வெளியூரிலிருந்து வந்த ஒருத்தி தன்னையே இங்கே முழுக்க வைத்துவிட்டதால், ஊரின் பெயரைச் சொல்லும்போது அவர் பெயரும் கூடவே வருகிறது. எந்த அரசாணையும் அதற்குத் தேவைப்படவில்லை.

சைவ ஊர்க்காரனான நான் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியைப் பற்றி நினைக்கும்போது இந்த இரண்டு கொடைகளும்தான் அளவுகோலாக வந்து நிற்கின்றன.

லயோலாவை நடத்தும் சேசு சபையின் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1521இல் பம்ப்லோனா கோட்டைப் போரில் காலில் குண்டடிபட்ட இஞ்ஞாசியார் என்ற படைவீரர், முப்பது வயதைக் கடந்த பின் சிறுவர்களோடு உட்கார்ந்து இலத்தீன் இலக்கணம் படித்தார். அவர் தொடங்கிய சபை 1548இல் சிசிலித் தீவின் மெசினாவில் பள்ளிக்கூடம் திறந்தது. 1773இல் போப்பாண்டவரே அந்தச் சபையைக் கலைத்தார். 1814இல் அது மீண்டும் உயிர்பெற்றது. பிரெஞ்சுச் சாமியார்கள் 1838இல் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார்கள். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய அவர்களுடைய கல்லூரி 1883இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்து, மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் தூய வளனார் கல்லூரியாக நிலைத்தது. 1923இல் பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி வந்தது. திருச்சிக் கல்லூரியை நடத்திய அனுபவத்தோடு சென்னைக்கு வந்த பிரான்சிஸ் பெர்த்ராம் அடிகளார் 1924 மார்ச்சில் நுங்கம்பாக்கத்தில் அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலையில் கணிதம், வரலாறு, பொருளாதாரம் என்று மூன்றே பாடங்களோடும் 75 மாணவர்களோடும் லயோலா தொடங்கியது. கிறித்தவக் கல்லூரி, மாநிலக் கல்லூரி, பச்சையப்பன் எல்லாம் அதற்கு முன்பே பட்டணத்தில் வேரூன்றியிருந்தன. தாமதமாக வந்த கல்லூரி இது.

மதம் பரப்ப வந்தவர்கள் என்ற சொல் இவர்கள்மீது எப்போதும் உண்டு. அவர்களும் அதை மறைத்ததில்லை. விசுவாசத்தை அறிவிக்கத்தான் கடல் கடந்தார்கள். இருந்தும் அவர்களுடைய வகுப்பறையில் நடந்ததைப் பார்க்க வேண்டும். இராமேசுவரத்து மரைக்காயர் வீட்டுப் பிள்ளை அப்துல் கலாம் 1950இல் திருச்சி வளனார் கல்லூரி விடுதியில் சேர்ந்தார். அறையில் அவரோடு இருந்தவர்களில் ஒருவர் ஸ்ரீரங்கத்து வைதிக ஐயங்கார், மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறித்தவர். அந்த விடுதியின் சைவ உணவுக்கூடத்துக்குக் கலாமே செயலாளராகவும் இருந்தார். ஐந்து வேளை தொழுகிறவர் பிள்ளை சைவச் சாப்பாட்டுக்குப் பொறுப்பாளர், அதற்கு இடம் கொடுத்தவர்கள் அங்கி போட்ட பாதிரிமார். நல்லிணக்கம் என்று மேடையில் சொல்வதை அந்த அறையும் அந்தச் சாப்பாட்டுக் கூடமும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தன.

லயோலாவின் குணத்தை ஒரே மனிதரில் காட்டச் சொன்னால் நான் சார்ல்ஸ் ரசீன் அடிகளாரைத்தான் காட்டுவேன். 1897இல் பிரான்சில் பிறந்தவர். பாரிசில் எலி கார்த்தான் என்ற மாபெரும் கணித மேதையிடம் ஆராய்ச்சி செய்து, சார்பியல் கோட்பாட்டில் பல பொருள்களின் இயக்கம் பற்றிய ஆய்வுக்காக 1934இல் டாக்டர் பட்டம் பெற்றவர். ஆந்த்ரே வைல், ஆன்றி கார்த்தான் போன்று இருபதாம் நூற்றாண்டின் கணிதத்தையே திருப்பிப் போட்ட தலைமுறை அவருக்கு நட்பு வட்டம். அங்கேயே இருந்திருந்தால் அவர் பெயரிலும் சில தேற்றங்கள் இருந்திருக்கக்கூடும். 1937இல் கப்பலேறித் திருச்சிக்கு வந்தார். 1939இல் லயோலாவுக்கு வந்து, பணி ஓய்வுக்குப் பிறகும் சென்னையிலேயே வாழ்ந்து, 1976இல் இங்கேயே இறந்தார்.

அன்றைய சென்னைப் பல்கலைக்கழகக் கணிதம் கேம்பிரிட்ஜின் பழைய தேர்வு முறையைப் பார்த்து அமைந்தது. கடினமான கணக்குகளை வேகமாகப் போடுகிறவனே கெட்டிக்காரன். கெட்டிக்காரன் அடுத்து எழுதுவது சிவில் சர்வீஸ் பரீட்சை. வீட்டாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். ரசீன் அந்தப் பாதையிலிருந்து சில பிள்ளைகளை விலக்கி எடுத்தார். பிரான்சில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த நவீனக் கணிதத்தை அவர்கள் காதில் போட்டார். பாடத்திட்டத்தில் இல்லாத புத்தகங்களைப் படிக்கச் சொன்னார். பிறகு அவர் செய்த காரியம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. தன்னிடமே ஆராய்ச்சி செய்யும்படி அவர்களை நிறுத்தி வைத்துக்கொள்ளவில்லை. 1945இல் தொடங்கிப் பம்பாயில் இயங்கிவந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டார்.

காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரியும், வட ஆர்க்காட்டுத் தண்டரை கிராமத்தில் விவசாயக் குடும்பச் சூழலில் வளர்ந்த எம்.எஸ். நரசிம்மனும் லயோலாவிலிருந்து பம்பாய்க்குப் போனார்கள். அங்கிருந்து 1957இல் பாரிஸ். ரசீன் விட்டுவிட்டு வந்த அதே நகரத்துக்கு அவருடைய மாணவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். 1965இல் இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்லும் தேற்றம் வெளிவந்தது. ஒரு வளைபரப்பின் மேல் அமையும் இயற்கணிதப் பொருள்களும், அந்தப் பரப்பைச் சுற்றிவரும் பாதைகளிலிருந்து கிடைக்கும் சமச்சீர்களும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கின்றன என்பது அதன் சாரம். இரண்டு வேறு உலகங்கள் என்று நினைத்திருந்தவற்றுக்கு இடையே போட்ட அந்த வழியில் கணிதவியலாளர்கள் மட்டுமல்லாமல் இயற்பியலாளர்களும் இன்றுவரை நடக்கிறார்கள். கே.ஜி. இராமநாதன், ராகவன் நரசிம்மன், சி.பி. இராமானுஜம் என்று ரசீனின் பிள்ளைகள் இன்னும் உண்டு. இராமானுஜத்துக்காக ரசீன் பம்பாய்க்கு எழுதிய பரிந்துரைக் கடிதம் கணித உலகில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. முப்பத்தாறு வயதிலேயே மறைந்த அந்த இளைஞரின் மனத்தில் இருந்த தனித்தன்மையை, மதிப்பெண் பட்டியலைத் தாண்டிப் பார்த்துச் சொன்ன கடிதம் அது. பிற்காலத்தில் சேஷாத்ரி 1989இல் சென்னையில் தொடங்கிய கணிதப் பள்ளி, சென்னை கணிதவியல் கழகமாக இன்று சிறுசேரியில் நிற்கிறது. அதன் அடித்தளத்தில் ரசீன் பெயர் பொறித்த கல் இருக்கத் தேவையில்லை. அவர் வேலை அங்கே தொடர்கிறது.

துறவிக்குப் பிள்ளை இல்லை, சம்பளம் சபைக்குப் போகும், சொத்து கிடையாது. தன்னைத் தொடர்வதற்கு மாணவனைத் தவிர வேறு யாரும் இல்லாத மனிதர், அந்த மாணவனையும் தன் கையிலிருந்து விட்டுவிடுகிறார். தன் மதத்துக்கு அவனை அழைக்கவில்லை, தன் துறைக்குள் பூட்டி வைக்கவில்லை, நன்றியைக் கூடக் கேட்டு வாங்கவில்லை. சேஷாத்ரி கடைசிவரை கர்நாடக சங்கீதம் பாடிக்கொண்டிருந்தார். அந்தப் பாதிரியார் அவரிடமிருந்து எதையும் பறிக்காமல் ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போனார். அம்மையார் இங்கே வந்து தன்னை வைத்ததற்கும், ரசீன் நுங்கம்பாக்கத்தில் தன்னை வைத்ததற்கும் தெய்வத்தின் பெயர் வேறு. செய்கையின் வடிவம் எனக்கு ஒன்றாகவே தெரிகிறது.

இதோடு நிறுத்தினால் அழகான கதையாக இருக்கும், முழுக் கதையாக இருக்காது. ரசீனின் வகுப்பில் அன்று யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் இல்லை? மேலே சொன்ன கணிதப் பெயர்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே சாதி அடுக்கிலிருந்து வந்தவை. ஆங்கிலப் பள்ளிக்கூடமும் கட்டணமும் பட்டணத்தில் தங்கிப் படிக்க ஓர் உறவினர் வீடும் யாருக்கு வாய்த்ததோ அவர்களுக்கே வாசல் திறந்தது. சாதி மத வேறுபாடின்றித் தகுதி உள்ளவர்களுக்கு என்பதுதான் கல்லூரியின் தொடக்க நோக்கம். ஆனால் தகுதி என்ற அந்தச் சொல்லுக்குள் பல தலைமுறைகளின் வசதி ஒளிந்திருந்தது. அதே கத்தோலிக்கத் திருச்சபையில் ஞாயிறு பூசைக்கு வந்த தலித் விசுவாசிகள் பல ஊர்களில் கோயிலுக்குள் தனி இடத்தில் உட்கார்ந்தார்கள், இறந்தபின் தனிக் கல்லறையில் புதைக்கப்பட்டார்கள். உண்டியலில் காசு போட்ட கைகள் அவர்களுடையவையும்தான். கல்லூரி வராந்தாவில் அவர்கள் பிள்ளைகளைத் தேடினால் வெகுகாலம் கண்ணில் படமாட்டார்கள். பெண்களின் கதையும் தாமதம்தான். நாடு விடுதலை அடைந்த 1947 ஆகஸ்ட் 15 அன்று, மரியாவின் பிரான்சிஸ்கன் சகோதரிகள் சாந்தோமில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியைத் தொடங்கினார்கள். லயோலாவில் பெண்கள் நுழைய அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆயின.

சட்டமும் கைகொடுக்கவில்லை. 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்ற நிலையை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிந்தது. கிறித்தவரான தலித்துக்கு இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். லயோலாவின் முதல்வராக இருந்த ஜெரோம் டிசூசா அடிகளார் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர். கிறித்தவப் பிரதிநிதிகள் சட்டமன்றங்களில் தங்களுக்கென்று இட ஒதுக்கீடு வேண்டாம் என்று முடிவெடுத்த காலம் அது. பெருந்தன்மையான முடிவு என்று வரலாறு அதைப் பாராட்டுகிறது, நானும் மதிக்கிறேன். ஆனால் மேட்டில் நிற்கிறவர் விட்டுக்கொடுப்பதும் பள்ளத்தில் நிற்கிறவருக்குக் கிடைக்காமல் போவதும் ஒரே எடை உடையவை ஆகா. சேரியில் ஞானஸ்நானம் பெற்றவர் இரு பக்கமும் இழந்தார்.

சேசு சபை இதை உணர்ந்த காலம் 1970கள். சபைத் தலைவர் பேத்ரோ அரூப்பே 1973இல் ஸ்பெயினின் வலென்சியாவில், சபையின் பள்ளிகளில் படித்த முன்னாள் மாணவர்களைப் பார்த்தே கேட்டார், நீதிக்காக வாழ உங்களுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்தோமா என்று. இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். விழாக் கூட்டத்தில் சொல்லக் கூசுகிற பதில் அது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கோபப்பட்டார்கள். அடுத்து 1975இல் முடிந்த பொதுச் சங்கம், விசுவாசத்துக்குச் செய்யும் பணியோடு நீதிக்கான உழைப்பையும் பிரிக்க முடியாது என்று தீர்மானித்தது. அதன் பின்னரே தமிழகத்துச் சாமியார்கள் தலித் மக்கள் பக்கம் நிற்பதை வெளிப்படையான கொள்கையாக்கினார்கள். 1978இல் தன்னாட்சி பெற்றிருந்த லயோலா தலித் மாணவர்களுக்கும் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்கும் முன்னுரிமை கொடுக்கத் தொடங்கியது. பார்வையற்ற மாணவர்கள் திரளாகச் சேர்ந்து படிக்கிறார்கள். குடிசைப் பகுதிகளில் போய்ப் பணியாற்றுவது பாடத்தின் பகுதியாயிற்று.

தரம் போய்விட்டது என்று அப்போது சொன்னவர்கள் உண்டு, இப்போதும் சொல்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாசலுக்கு அருகில் வீடுள்ளவன் பத்தடி நடந்து உள்ளே வருகிறான். பல தலைமுறைத் தூரத்தைக் கடந்து வருகிறவனை அந்தப் பத்தடியில் யார் முதலில் வந்தார் என்று வைத்து அளக்கலாமா? ரசீன் மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருந்த மனத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்னும் பல வீடுகளுக்கு நீட்டுவதுதான் அவருடைய கல்லூரி இன்று செய்ய வேண்டிய கணிதம்.

எங்கள் ஊர் வழியாக ஓடுகிற இருப்புப் பாதை தென்னிந்தியாவின் முதல் பாதை. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்டது. அந்தத் தண்டவாளம் வந்து ஏறக்குறைய எழுபது ஆண்டு கழித்து லயோலா வந்தது. பாதை அவ்வளவு முன்பே இருந்தும், ஆலங்காட்டின் கரும்பு வெட்டுகிறவர் வீட்டுப் பிள்ளை அந்த வண்டியில் கல்லூரிக்கு ஏறுவதற்கு இன்னும் எத்தனையோ ஆண்டு ஆயிற்று. இப்போது காலை வண்டியில் ஏறுகிறார்கள். மணவூர், கடம்பத்தூர், திருவள்ளூர் என்று கூட்டம் சேர்ந்துகொண்டே போகும். சென்ட்ரலில் இறங்கி, சாலையைக் கடந்து, பூங்கா நிலையத்தில் தாம்பரம் வண்டி பிடித்தால் நுங்கம்பாக்கம். கையில் மாணவர் சீசன் டிக்கெட். பையில், இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று வாங்கிய முதல் பட்டதாரி சான்றிதழின் நகல். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண், பையனாக இருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்.

அதே நேரத்தில் கம்பெனி வேன்களும் ஊருக்குள் வருகின்றன. திருவள்ளூர் காக்களூர்ப் பேட்டையும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டும், தெற்கே ஒரகடம் வட்டாரமும் பிளஸ் டூ முடித்த கைகளை உடனே எடுத்துக்கொள்கின்றன. ஷிப்டு, ஓவர்டைம், கான்ட்ராக்ட். மாதக் கடைசியில் கையில் காசு. சர்க்கரை ஆலையிலிருந்து கரும்புப் பணம் எப்போது வரும் என்று காத்திருக்கும் வீட்டில் அந்தக் காசை இகழ யாருக்கு உரிமை? வேனில் ஏறுகிறவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவனிடம் இன்னொரு வண்டியும் உனக்கு உண்டு என்று சொல்ல ஒரு ரசீன் வந்தாரா என்பதே என் கேள்வி.

வெகுகாலமாக மனத்தில் உருட்டிக்கொண்டிருந்த ஒன்று இங்கேதான் எனக்குத் தெளிந்தது. கல்லூரியின் தொடக்க ஆண்டு எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. 1925இல் சேர்ந்த 75 பேரின் வீடுகளுக்கு லயோலா 1925இல் தொடங்கியது. தண்டரை கிராமத்து வீட்டுக்கு 1940களின் கடைசியில் தொடங்கியது. ஆலங்காட்டின் ஒரு காலனி வீட்டில், அப்பாவும் தாத்தாவும் கையெழுத்துப் போடத் தடுமாறிய அந்த வீட்டில், முதல் பிள்ளை விண்ணப்பம் நிரப்புகிற நாளில்தான் அடிக்கல் நாட்டப்படுகிறது. அவனுக்கு முன்னால் பெர்த்ராம் அடிகளார் அப்போதுதான் வந்து நிற்கிறார். நூற்றாண்டின் பெருமை அவனுக்கு இன்னும் சேரவில்லை. தொடக்கத்தின் அத்தனை பயமும் அத்தனை செலவும் அவன் வீட்டில் அன்றுதான் இறங்குகின்றன. ஆகவே தனக்கு நூறு வயது என்று ஒரு கல்லூரி எண்ணிக்கொள்ளும் அதே காலையில், எங்கோ ஒரு வீட்டுக்கு அதன் வயது பூச்சியம். நூறு வயதின் அனுபவத்தையும் பொறுமையையும் அந்தப் பூச்சியத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிற கல்லூரியே தன்னைக் கொடுக்கிறது. மற்றவை செப்பேட்டுக் கொடைகள்.

அதற்கு எங்கள் பக்கத்திலும் வேலை இருக்கிறது. லயோலாவுக்கு விண்ணப்பம் எப்போது வெளியாகிறது, முதல் தலைமுறைக்கு என்ன முன்னுரிமை, கட்டணத்தில் என்ன உதவி என்பது திருவாலங்காட்டு, மணவூர்ப் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாமலே மே மாதம் ஓடிவிடுகிறது. வேன்காரர் வீடு தேடி வருகிறார். கல்லூரி தேடி வருவதில்லை. இந்தச் சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளின் பிளஸ் டூ ஆசிரியர்கள், தங்கள் வகுப்பில் மதிப்பெண்ணைத் தாண்டி மனம் விழித்திருக்கிற ஒரு பிள்ளையைப் பார்த்து, அவனைப் பற்றி அல்லது அவளைப் பற்றி முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதட்டும். என்ன கேள்வி கேட்டாள், எந்தக் கணக்கை வேறு வழியில் போட்டான், வீட்டில் யார் சம்பாதிக்கிறார் என்று எழுதினால் போதும். விண்ணப்பத்தோடு அதைச் சேர்த்து அனுப்பட்டும். அந்தக் கடிதத்தைப் படித்துப் பதில் எழுத, ரசீன் கடிதம் எழுதிய கல்லூரியில் ஒருவர் இருக்க வேண்டும்.